டியூட்டர் நோட்டில் கையெழுத்துப் போட்டால் அரியர் குறையுமா?

முன்னாள் மாணவி:
எங்கள் பொறியியல் கல்லூரியில் இருபது மாணவர்களைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆசிரியர், அவர்தான் டியூட்டர். செமஸ்டருக்கு இரண்டு முறை அவர் மேசையைச் சுற்றி நின்று நோட்டில் கையெழுத்துப் போடுவோம். "பிரச்சினை ஒன்றும் இல்லையே?" என்பார். இருபது பேர் நடுவில் யார் வாயைத் திறப்பார்கள்? கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வந்தால் காட்டுவதற்கு நோட்டு இருந்தது, அவ்வளவுதான். முதல் செமஸ்டரில் எனக்கு மூன்று அரியர், அதாவது மூன்று பாடத்தில் தேறவில்லை. விடைத்தாள் நகல் வாங்கினால்தான் மறுமதிப்பீடு கேட்க முடியும் என்பதே கடைசித் தேதி போனபிறகுதான் தெரிந்தது. இந்த முறையே வேண்டாம்.

கணித ஆசிரியர்:
வேண்டாம் என்பதை என்னால் ஏற்க முடியாது. தமிழ்வழியில் படித்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% ஒதுக்கீட்டில் வந்த ஒரு பையன், கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வில் 50க்கு 9 வாங்கினான். தனியாக உட்காரவைத்து அதே கணக்கைத் தமிழில் சொன்னேன். கடகடவென்று போட்டு முடித்தான். கேள்வியில் இருந்த 'டயகனலைஸ்' என்ற சொல்தான் அவனுக்குப் பிடிபடவில்லை. அப்புறம் வாரம் ஒரு மாலை, கேள்வித்தாளை வாசிக்க மட்டும் பயிற்சி கொடுத்தேன். தேறிவிட்டான். நான் அவன் டியூட்டராக இல்லாவிட்டால் அந்த 9 என் கண்ணில் பட்டிருக்காது.

முன்னாள் மாணவி:
உங்களுக்கு மனசு இருந்தது சார். எங்களுக்கு டியூட்டர் என்றால் அட்டெண்டன்ஸ் 75க்குக் கீழே போனதும் வீட்டுக்கு போன் போடுபவர். அப்பா பதறிப்போய் பஸ் ஏறி வந்தார். ஏன் வகுப்புக்கு வரவில்லை என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு பெற்றோர்:
நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் ஏசாப் என்றொரு திட்டம் தொடங்கியது. அடிப்படைப் பாடத்திலேயே தடுமாறிய, வசதி குறைந்த மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். மூன்று ஆண்டில் பட்டம் முடித்தவர்கள், திட்டத்தில் சேர்ந்தவர்களில் 40%, சேராதவர்களில் 22%. அங்கே ஆலோசகருக்கு வேறு வேலை கிடையாது. பாடப்புத்தகம், ரயில் பாஸ் செலவையும் திட்டமே பார்த்துக்கொண்டது.

கணித ஆசிரியர்:
வேறு வேலை கிடையாது என்பதைக் கவனியுங்கள். எனக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு, அதன்மேல் விடைத்தாள், அதன்மேல் இருபது பிள்ளைகள்.

முன்னாள் மாணவி:
அதைத்தான் நானும் சொல்கிறேன் சார். அதோடு, இன்டர்னல் மார்க் போடுகிறவரிடமே போய் 'பாடம் புரியவில்லை, வீட்டில் கஷ்டம்' என்று எப்படிச் சொல்வது?

கணித ஆசிரியர்:
சரிம்மா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் பாடம் எடுக்காத வகுப்புக்கு என்னை டியூட்டராகப் போடச் சொல்லி துறைத் தலைவரிடம் கேட்கிறேன். நோட்டை மட்டும் விட மாட்டேன். முதல் இன்டர்னல் மார்க் வந்த அன்றே அதைத் திறந்து, குறைந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவேன். வீட்டுக்கு போன் அதற்குப் பிறகுதான்.