பின் பெஞ்சுல உக்காந்து நம்ம வகுப்பப் பாத்தவங்க - உங்க அனுபவத்த எழுதுங்க

டெல்டா டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில இடைநிலை ஆசிரியரா 19 வருஷமா இருக்கேன். என் வகுப்ப வந்து பாத்தவங்க எத்தன பேருன்னு கணக்கே இல்ல. செயல்வழிக் கற்றல் அட்டை காலத்துல ஒரு மாதிரி பாத்தாங்க, 2012-13ல முப்பருவ முறை வந்ததும் வளரறி தொகுத்தறி மதிப்பீட்டு ரெக்கார்ட கேட்டாங்க, 2022ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தப்புறம் கையில போனோட வர்றாங்க. ஆனா நிஜமாவே என் வகுப்பப் பாத்தாங்கன்னு நான் சொல்றது ஒரே ஒரு மேடத்தத்தான். அதுக்கு முன்னாடி நடந்த ஒண்ண சொன்னாத்தான் வித்தியாசம் புரியும்.

ஒரு நாள் காலையில ஒரு அதிகாரி வந்தாரு. அன்னிக்கு கூட இருக்கற டீச்சர் பயிற்சிக்குப் போயிட்டதால நான் ரெண்டு வகுப்ப ஒண்ணா உக்கார வச்சு ஒரு பக்கம் வாசிப்பும் இன்னொரு பக்கம் கணக்கும் குடுத்து ஓடிட்டு இருந்தேன். வந்தவர் நேரா மேசைக்கு வந்து பாடக்குறிப்பு எங்க, ஒர்க் டன் ரெஜிஸ்டர் எங்க, மெல்லக் கற்போர் பதிவேடு எங்கன்னு கேட்டாரு, எல்லாம் இருந்துச்சு, பாடக்குறிப்புல அந்த வாரம் மட்டும் எச்.எம். கையெழுத்து விட்டுப்போச்சு. செவத்துல சார்ட் பழசா இருக்குன்னாரு. மொத்தமே பத்து நிமிஷம் இருக்கும். ஒரு புள்ளையக் கூட எழுப்பி வாசிக்கச் சொல்லல. போகும்போது பார்வைப் பதிவேட்டுல "கற்பித்தல் திருப்திகரமாக இல்லை"ன்னு ஒரே வரி எழுதிட்டுப் போயிட்டாரு. அந்த வருஷம் என் மூணாம் வகுப்புப் புள்ளைங்கள்ல ரெண்டு பேர் தவிர எல்லாருமே சரளமா வாசிச்சாங்க, ஒருத்தரைக் கேட்டிருந்தாலே தெரிஞ்சிருக்கும். அந்த வரி இன்னிக்கும் அந்த நோட்டுல இருக்கு, எதனால திருப்தி இல்லன்னு அதுல எதுவும் இல்ல, அதனால நான் எத மாத்தணும்னும் எனக்குத் தெரியல. பஸ்ல அழுதுகிட்டேதான் வீட்டுக்குப் போனேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு அந்த மேடம் வந்தாங்க, வட்டார வள மையத்துலருந்து. முத நாளே போன் பண்ணி, நாளைக்கு ரெண்டாவது பீரியட் உக்காரலாமா டீச்சர், நான் குறிப்பா எதையாவது கவனிக்கணும்னு நினைக்கிறீங்களான்னு கேட்டாங்க. அப்படி யாரும் அதுவரைக்கும் கேட்டதே இல்ல. நான் யோசிச்சு, அஞ்சாம் வகுப்புல பின்னம் நடத்துறேன், வகுப்புல எல்லாரும் பதில் சொல்றாங்க ஆனா பரீட்சையில கோட்டை விட்டுடுறாங்க, ஏன்னு புரியலன்னு சொன்னேன்.

மறுநாள் வந்தாங்க, எந்த ரெஜிஸ்டரும் கேக்கல, பின்னாடி புள்ளைங்களோட பாயிலயே உக்காந்து ஒரு பேப்பர்ல 27 கட்டம் போட்டு புள்ளைங்க யாரு எங்க உக்காந்திருக்காங்கன்னு குறிச்சிகிட்டாங்க. 40 நிமிஷமும் எழுதிட்டே இருந்தாங்க. மதியம் சாப்பாட்டுக்கப்புறம் அந்த பேப்பர என் முன்னாடி வச்சாங்க. நான் கேட்ட கேள்வி 31. அதுல 22 கேள்வி அதே அஞ்சு புள்ளைங்களுக்கு, அஞ்சு பேருமே முன் வரிசை. பல கட்டத்துல ஒரு புள்ளி கூட இல்ல. "கேள்வி கேட்டுட்டு ரெண்டு மூணு செகண்டுல நீங்களே பதில ஆரம்பிச்சு வச்சிடுறீங்க டீச்சர், 14 தடவ அப்படி ஆச்சு"ன்னு சொல்லி ஒவ்வொண்ணா மணியோட எழுதினத காமிச்சாங்க. நல்லாருக்கு நல்லால்லன்னு ஒரு வார்த்த சொல்லல, சொல்ல வேண்டிய தேவையும் இல்ல, நானே பாத்துட்டேன்.

அப்புறம் கணக்கு நோட்டு 27ஐயும் கேட்டாங்க. எடுத்துக் குடுக்கும்போது எனக்கு கொஞ்சம் பெருமையா இருந்துச்சு, ஏன்னா ஒரு தப்பு கூட இல்லாம அழகா இருக்கும், எல்லாத்துலயும் என் சிவப்பு டிக். மேடம் பொறுமையா புரட்டிட்டு "27 நோட்டுலயும் ஒரு தப்பு கூட இல்ல டீச்சர், அதான் எனக்குக் கவலையா இருக்கு"ன்னாங்க. ஒரு புள்ளையக் கூப்பிட்டு, மூணுல ஒண்ணு பெருசா அஞ்சுல ஒண்ணு பெருசான்னு கேட்டாங்க. அஞ்சுல ஒண்ணுன்னான், ஏன்டா கண்ணுன்னா, அஞ்சுதான மூண விட பெருசுன்னான். அவன் நோட்டுல அதே கணக்கு சரியா இருக்கு. போர்டுலருந்து எழுதினது. நோட்டு நான் போர்டுல எழுதினதுக்கு ஆதாரமா இருந்துச்சே தவிர அவன் கத்துகிட்டதுக்கு ஆதாரமா இல்ல.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல, ஆனா இந்தத் தடவ அவமானம் இல்ல, நாளைக்கு என்ன செய்யணும்னு தெரிஞ்ச பரபரப்பு. காகிதப் பட்டைய மடிச்சு மூணா அஞ்சான்னு வெட்டி அவங்க கையிலயே குடுத்தேன். ஐஸ் குச்சியில 27 புள்ளைங்க பேரையும் எழுதி டப்பாவுல போட்டு குச்சி எடுத்துதான் கேள்வி கேட்டேன், கேட்டுட்டு மனசுக்குள்ள பத்து எண்ணினேன், மொதல்ல அந்த அமைதிய என்னால தாங்கவே முடியல. மூணு வாரம் கழிச்சு மேடம் சொன்ன மாதிரியே திரும்ப வந்தாங்க, அதே 27 கட்டம். புள்ளி இல்லாத கட்டம் ரெண்டு.

உங்களுக்கு இப்படி யாராச்சும் வந்திருக்காங்களா? நல்லதோ கெட்டதோ எழுதுங்க, படிக்கணும்னு ஆசையா இருக்கு.

வள மையம்:

டீச்சர் வணக்கம். நான் அந்தப் பக்கத்து ஆள், ஆசிரியர் பயிற்றுநர். பார்வைக்குப் போறவன் செய்யற தப்ப நானும் செஞ்சிருக்கேன். ஆரம்பத்துல ஒரு வகுப்பப் பாத்துட்டு "மாணவர் பங்கேற்பு நன்று"ன்னு எழுதினேன். அந்தப் பள்ளி எச்.எம். வயசுல பெரியவர், மெதுவா கேட்டாரு, எதப் பாத்து தம்பி நன்றுன்னு எழுதினீங்க? என்னால ஒண்ணும் சொல்ல முடியல. புள்ளைங்க சத்தமா கோரஸா சொன்னாங்க, அவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருந்துச்சு.

அதுக்கப்புறம் நோட்டுல நடுவுல கோடு போட்டுக்குவேன். இடது பக்கம் மணி, கண்ணால பாத்தது, காதால கேட்டது மட்டும். "11.10 - குழு வேலை, ஆறு பேர்ல ரெண்டு பேர் எழுதுறாங்க, ஒரு பொண்ணு பென்சில் தேடுறா, 11.16 வரைக்கும் கிடைக்கல" இப்படி. வலது பக்கத்துல நான் என்ன நினைக்கிறேன்னு, ஆனா அத டீச்சரோட பேசின அப்புறம்தான் எழுதுவேன். ஏன்னா அந்தப் பொண்ணுக்கு பென்சில் இல்லாததுக்கும், ஒருத்தன் பேசாம இருக்கறதுக்கும் டீச்சருக்குத் தெரிஞ்ச காரணம் எனக்குத் தெரியாது. ஒரு தடவ ஒரு பையன் முழு பீரியடும் தலைய குனிஞ்சே இருந்தான்னு குறிச்சேன், ஆசிரியர் கவனிக்கலன்னு வலது பக்கம் எழுத கை போச்சு. பேசும்போதுதான் சொன்னாங்க அவன் அம்மா முந்தின வாரம் இறந்துட்டாங்க, இன்னிக்கு அவன் பள்ளிக்கூடம் வந்ததே பெருசுன்னு.

ஆப்புல டிக் பண்றதும் போட்டோ ஏத்துறதும் வேலை, செஞ்சுதான் ஆகணும், ஒன்றியம் முழுக்க என்ன நிலவரம்னு மேல தெரிய அது உதவும். ஆனா ஒரு ஆசிரியரப் பத்தி முடிவு சொல்ல அது போதாது. என்.சி.இ.ஆர்.டி. போட்ட பிண்டிக்ஸ்னு ஒரு படிவம் இருக்கு, அதுல எனக்குப் பிடிச்ச விஷயம் மொதல்ல ஆசிரியரே தன்ன மதிப்பிட்டுக்கணும், எதிர்பார்த்த தரத்த எட்டல, நெருங்குறேன், எட்டிட்டேன், தாண்டிட்டேன்னு நாலு நிலை. அத நேர்மையா நிரப்புறதுக்கு பயம் இல்லாம இருக்கணும், அந்த பயத்தப் போக்குற வேலை எங்களோடது.

ஆதாரம்னு நான் கேக்கறது ஒரே புள்ளையோட நோட்டு ஜூன்ல, அக்டோபர்ல, ஜனவரியில. மூணையும் பக்கத்துல வச்சுப் பாப்போம். எண்ணும் எழுத்தும் நிலையில அரும்புலருந்து அடுத்ததான மொட்டுக்கு வந்துட்டாளான்னு அங்கயே தெரியும். அடிச்சுத் திருத்தின நோட்டுன்னா எனக்கு ரொம்ப சந்தோஷம்.

நடுநிலைப்பள்ளி எச்.எம்.:

பயம்னு சார் சொன்னாரே, அத நான் பாத்திருக்கேன். என் பள்ளியில ஒரு ஆசிரியருக்கு 15 நிமிஷப் பார்வைய வச்சு 17ஏ (ஒழுங்கு நடவடிக்கை) குறிப்பாணை வந்துச்சு. ஆறாம் வகுப்புல மூணு புள்ளைங்களுக்கு வாசிக்கத் தெரியலன்னு. உண்மைதான், தெரியாது. ஆனா அந்த மூணு பேரும் செங்கல் சூளையில வேலை பாக்க வந்த குடும்பத்துப் புள்ளைங்க, நடு வருஷத்துல சேந்தவங்க. நல்ல வேளையா அந்த ஆசிரியர், புள்ளைங்க சேந்த நாள் அன்னிக்கே ஒவ்வொருத்தரும் எத்தன எழுத்து அடையாளம் சொல்றாங்கன்னு தேதி போட்டு எழுதி வச்சிருந்தாரு, பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ அதே மாதிரி. மொத நாள் ஒருத்தனுக்கு 9 எழுத்து, மூணு மாசத்துல உயிர்மெய்யோட ரெண்டெழுத்துச் சொல் வரைக்கும் வந்துட்டான். அத அப்படியே நகல் எடுத்து விளக்கத்தோட வச்சோம், மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதுன்னு ஆர்டர் வந்துச்சு. நாலு மாசம் அந்த மனுஷன் சரியா சாப்பிடல. எல்லா ஆசிரியரும் மொத நாள் நிலைய எழுதி வைங்க, தயவு செஞ்சு. எங்கருந்து ஆரம்பிச்சோம்னு இல்லன்னா எவ்வளவு தூரம் வந்தோம்னு யாருக்கும் காட்ட முடியாது.

கணக்கு வாத்தியார், லண்டன்:

நான் திருச்சிக்காரன், இங்க செகண்டரி ஸ்கூல்ல கணக்கு நடத்துறேன். நான் சேந்த புதுசுல இன்ஸ்பெக்டருங்க பாக்குற ஒவ்வொரு பாடத்துக்கும் 1லருந்து 4 வரைக்கும் கிரேடு போடுவாங்க, 1தான் ஒசத்தி. 20 நிமிஷம் பாத்துட்டு 3ன்னு போட்டா அந்த நம்பர் மாசக்கணக்கா மண்டைக்குள்ள ஓடும். 2014 வாக்குல ஆஃப்ஸ்டெட் (இங்க பள்ளிக்கூடங்கள ஆய்வு பண்ற அமைப்பு) தனித்தனிப் பாடத்துக்கு கிரேடு போடறத நிறுத்திடுச்சு. டர்ஹாம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ராபர்ட் கோ மாதிரி ஆளுங்க, ஒரே பாடத்த ரெண்டு பேர் பாத்தா ஒரே கிரேடு வர்றது உறுதியில்லன்னு எடுத்துச் சொன்னது அந்த நேரத்துல ரொம்ப பேசப்பட்டுச்சு. அமெரிக்காவுல கேட்ஸ் பவுண்டேஷன் பணத்துல சுமார் 3000 ஆசிரியர்கள வச்சு மெட்னு பெரிய ஆய்வு நடந்துச்சு, அதுல ஒரே ஆள் இன்னொரு பாடத்த திரும்பப் பாக்கறத விட வேற ஒரு ஆள் வந்து பாத்தா மதிப்பீடு கூடுதலா நம்பகமாகுதுன்னு கண்டுபிடிச்சாங்க. டெல்டா டீச்சரோட அந்த ஒரு வரிய எழுதினவருக்கு பக்கத்துல இன்னொருத்தர் உக்காந்திருந்தா என்ன எழுதியிருப்பாரோ, அதத்தான் நான் நினைச்சிட்டு இருக்கேன்.

புது டீச்சர்:

அக்கா, நான் சேந்து ஒன்றரை வருஷம்தான், உதவிபெறும் பள்ளி. அந்த மேடம் மாதிரி யாரும் எனக்கு இல்ல. நானே எப்படி என்னப் பாத்துக்கறது?

டெல்டா டீச்சர்:

முடியும்மா, நான் இப்பவும் மாசத்துக்கு ஒரு தடவ செய்யறேன். எச்.எம். கிட்ட சொல்லிட்டு போனை மேசை ட்ராயர்ல வச்சு சத்தம் மட்டும் பதிவு பண்ணு, புள்ளைங்க முகம் வீடியோ எல்லாம் வேணாம். சாயங்காலம் ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு உக்காந்து கேளு, யாரு குரல் எத்தன தடவ வருதுன்னு புள்ளி வை, கேள்விக்கும் உன் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல எத்தன செகண்டுன்னு பாரு, கேட்டு முடிச்சதும் பதிவ அழிச்சிடு. மொத தடவ உன் குரல கேக்கவே பிடிக்காது, பரவால்ல. அப்புறம் பக்கத்து வகுப்பு டீச்சர் யாராவது நம்பிக்கையா இருந்தா, ஒரு பீரியட் அவங்க உன் வகுப்புல, ஒரு பீரியட் நீ அவங்க வகுப்புல. ஒரே ஒரு கேள்விய முன்னாடியே சொல்லிட்டு உக்காரச் சொல்லு. போன வாரம் நான் எங்க டீச்சர் கிட்ட கேட்டது, கடைசி பாயில இருக்கற அந்த நாலு பொண்ணுங்க எப்ப எழுதுறத நிறுத்துறாங்கன்னு மட்டும் பாருங்கன்னு. 12வது நிமிஷம்னு எழுதிக் குடுத்தாங்க, நான் போர்டு பக்கம் திரும்பி நீளமா எழுத ஆரம்பிச்ச நேரம் அது.