பாட்டில் குழந்தைக்கு முதல் கஞ்சி: இப்பவேவா, ஆறு மாசம் முடிஞ்சப்புறமா?

தூங்காத அம்மா:

பாப்பாவுக்கு ஐந்தரை மாசம், வாரக் கணக்குல 24. மூணாவது வாரத்துலேர்ந்தே பால் பவுடர்தான். ஏன்னு மட்டும் கேக்காதீங்க, அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. நாளைக்கு அஞ்சு பாட்டில், ஒவ்வொண்ணும் 180 மில்லி. ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்கிறா.

நேத்து சாப்பிடும்போது மடியில வெச்சிருந்தேன். என் கை தட்டுலேர்ந்து வாய்க்குப் போற ஒவ்வொரு தடவையும் அவ கண்ணும் கூடவே போகுது. வாயைத் திறக்கிறா, மூடுறா. எனக்கு ஒரு வாய் உள்ளே இறங்கல. மாமியார், "பசிடி அது. பாட்டில்லயே ரெண்டு ஸ்பூன் கஞ்சி மாவு கலந்து குடு, விடியவிடியத் தூங்கும்"ங்கிறாங்க. டாக்டர் ஆறு மாசம் முடியட்டும்னு சொல்லிட்டார். ரெண்டு பேருக்கும் நடுவுல நான். பாட்டில் குழந்தை வெச்சிருந்தவங்க சொல்லுங்க.

பழைய கரண்டி:

மாமியார் சொல்றதைக் கேளும்மா. மூணு பெத்து வளர்த்தவ சொல்றேன். மூணுக்கும் நாலாம் மாசம் பொறந்ததுமே கஞ்சிதான். மூணும் இப்ப வேலைக்குப் போயி சம்பாதிக்குது. பால்ல என்ன இருக்கு, பாதி தண்ணிதானே? புள்ள வாயைப் பாக்குதுன்னா வயிறு கேக்குதுன்னு அர்த்தம். டாக்டர் புத்தகத்தைப் பாப்பார், நாம புள்ளையைப் பாக்கணும்.

கணக்குப்பிள்ளை:

அம்மா, மரியாதையோடுதான் மறுக்கிறேன். அத்தனை சீக்கிரம் கஞ்சி, அதுவும் பாட்டில் குழந்தைக்கு, வேண்டவே வேண்டாம். அமெரிக்காவில் 847 குழந்தைகளை மூன்று வயது வரை கவனித்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. பவுடர் பால் குடித்தவர்களில், நாலு மாதம் ஆவதற்கு முன்பே திட உணவு தொடங்கியவர்கள் மூன்று வயதில் பருமனாக இருக்கும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு அதிகம். தாய்ப்பால் குடித்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

"பாதி தண்ணி" என்றீர்களே, அதையும் கணக்குப் போடுவோம். கரைத்த பவுடர் பால் 100 மில்லியில் ஏறக்குறைய 67 கலோரி. அதே 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் அரிசி மாவைக் காய்ச்சினால் 36 கலோரி. எது தண்ணி?

இன்னொன்று. ஆறு மாதத்தில் தாய்ப்பால் குழந்தைக்கு உணவு தொடங்கியாக வேண்டும் என்பதற்கு முக்கியமான காரணம் இரும்புச்சத்து. வயிற்றில் இருக்கும்போது சேர்த்துக்கொண்டு வந்தது அதற்குள் தீர்ந்துகொண்டிருக்கும், தாய்ப்பாலில் வருவதோ மிகக் கொஞ்சம். பவுடர் பாலில் இரும்பைச் சேர்த்தேதான் விற்கிறார்கள், டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். ஆகவே பாட்டில் குழந்தைக்கு அவசரப்படக் காரணம் இன்னும் குறைவு. ஆறு முடியட்டும்.

எதிர்வெயில்:

கணக்கு சாரே, நீங்க காட்டுற பூச்சாண்டி நாலு மாசத்துக்கு முன்னாடி தொடங்கினவங்களுக்கு. இந்தப் பொண்ணு கேக்கிறது 24 வாரக் குழந்தையைப் பத்தி. அவங்க தலையில அந்த ஆறு மடங்கை ஏன் கொட்டுறீங்க?

ஆறு மாசம்ங்கிற கோடு எங்கேர்ந்து வந்ததுன்னும் பாக்கணும். உலக சுகாதார நிறுவனம் 2001ல அதை முடிவு பண்ணினப்போ கேட்ட கேள்வியே "தாய்ப்பால் மட்டும் எவ்வளவு நாள் கொடுக்கலாம்"ங்கிறதுதான். அதுக்கு முன்னாடி வரை நாலுலேர்ந்து ஆறுன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. பாட்டில் குழந்தைக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. ஐரோப்பியக் குழந்தைகள் இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2017ல என்ன சொல்லுச்சு? 17 வாரத்துக்கு முன்னாடி வேண்டாம், 26 வாரத்தைத் தாண்டியும் தள்ளிப்போடாதீங்கன்னு. 24 அதுக்குள்ளதான் வருது. கழுத்து நின்னு, குழந்தை ஆசைப்பட்டா தொடங்கட்டுமே.

கணக்குப்பிள்ளை:

அதே உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பால் குடிக்காத குழந்தைகளுக்கென்றே 2005இல் தனி வழிகாட்டி போட்டது. அது எந்த வயதிலிருந்து ஆரம்பிக்கிறது தெரியுமா? 6 மாதம். தலைப்பிலேயே இருக்கிறது.

எதிர்வெயில்:

6லேர்ந்து 24 மாசம் வரைக்குமான வழிகாட்டி 6லேர்ந்துதான் ஆரம்பிக்கும். அதுக்காக ஐந்தரை குத்தம்னு ஆயிடுமா?

ராத்திரி டூட்டி:

நீங்க ரெண்டு பேரும் ரெண்டு வாரத்துக்காக மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்க. அந்தப் பொண்ணு கேட்டதுல பெரிய விஷயம் பாட்டிலுக்குள்ள மாவு கலக்கிறது. அதுக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கல.

தங்கச்சி, நான் ஒரு அப்பன். மூத்தவனுக்கு அஞ்சு மாசத்துல நான் பண்ணின வேலையைச் சொல்றேன். மாவு கலந்த பால் நிப்பிள்ல இறங்கல. அவன் உறிஞ்சி உறிஞ்சி மூஞ்சி செவந்து அழறான். ராத்திரி ரெண்டு மணி. ஒரு ஊசியை அடுப்புல சுட்டு நிப்பிள் ஓட்டையைப் பெருசு பண்ணினேன். சுட்ட ரப்பர் வாசனை இன்னும் மூக்குல இருக்கு. பாட்டிலைக் கவுத்ததும் மடமடன்னு கொட்டுச்சு. ரெண்டு மடக்குதான், புரை ஏறி மூக்கு வழியா வந்து, ஒரு நிமிஷம் சத்தமே இல்ல. குப்புறப் போட்டு முதுகுல தட்டினதும்தான் அழுதான். அந்த அழுகை மாதிரி இனிமையா ஒண்ணை நான் அதுக்கப்புறம் கேட்டதில்ல.

அப்புறம்தான் புரிஞ்சது. பாட்டில்ல கலந்தா குழந்தைக்கு அது சாப்பாடே இல்ல, கெட்டியான பால். போதும்னு வாயைத் திருப்பிக்க அவனுக்கு நேரமில்ல. நாக்கால உருட்டி விழுங்கவும் பழகமாட்டான். எதுக்களிக்கிற குழந்தைக்கு டாக்டரே பாலைக் கெட்டியாக்கச் சொல்வார், அது வேற கேஸ். தூக்கத்துக்காகன்னா வேண்டவே வேண்டாம்.

பழைய கரண்டி:

ஓட்டையை நீ பெருசு பண்ணினதுக்கு கஞ்சி என்ன பண்ணும் தம்பி? நான் சங்குலயும் கரண்டியிலயும்தான் குடுத்தேன், பாட்டில்ல இல்ல. ஆனா தூங்குச்சு, அதை நான் என் கண்ணால பாத்தேன்.

எதிர்வெயில்:

தூக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. இங்கிலாந்துல 1303 குழந்தைகளை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. மூணு மாசத்துலேர்ந்தே உணவு தொடங்கின கூட்டம் நல்லாத் தூங்குச்சுன்னு 2018ல வெளியிட்டாங்க. வித்தியாசம் ஆறு மாச வயசுல ராத்திரிக்கு சுமார் 16 நிமிஷம். அதுவும் தாய்ப்பால் குழந்தைங்க. சீக்கிரம் தொடங்கலாம்னு நானே சொல்றேன், ஆனா தூக்கத்துக்காகன்னு சொல்லமாட்டேன். 16 நிமிஷத்துல பாட்டிலைக் கழுவிக் கவுக்கத்தான் நேரம் இருக்கும்.

தூங்காத அம்மா:

எனக்கு 16 நிமிஷம் கிடைச்சாலும் எடுத்துக்குவேன் போங்க.

பாட்டில்ல கலக்கப் போறதில்ல, அது முடிவு. கழுத்து நல்லா நின்னுடுச்சு. உக்கார வெச்சா நாலு விநாடி இருந்துட்டு ஒரு பக்கமா சாய்ஞ்சிடுறா. சும்மா ஸ்பூன் நுனியில அவ குடிக்கிற பாலையே தொட்டு வெச்சுப் பாத்தேன். நாக்கு ஒரு சின்னக் கதவு மாதிரி வந்து ஸ்பூனை வெளியே தள்ளுது. மறுபடி வெச்சேன், மறுபடி தள்ளுறா. பிடிக்கலையா?

கணக்குப்பிள்ளை:

பிடிக்காமல் இல்லை. அது பிறவியிலேயே வரும் தற்காப்பு. கெட்டியாக எது வாய்க்கு வந்தாலும் நாக்கு வெளியே தள்ளும். பெரும்பாலும் நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் மறையும். அது போக வேண்டும், பிடிமானத்தோடாவது நேராக உட்கார வேண்டும், கைக்குக் கிடைத்ததை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். நீங்கள் சாப்பிடுவதைப் பார்ப்பது மட்டும் அடையாளம் ஆகாது. அந்த வயதில் மின்விசிறியையும் அப்படித்தான் பார்ப்பார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் கணக்கே வேறு, அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

எதிர்வெயில்:

மின்விசிறிக்கு வாயைத் திறந்து மூடாது சார். ஆனா நாக்கு தள்ளுதுன்னா நானும் ஒரு வாரம் பொறுக்கத்தான் சொல்வேன். வயசை வெச்சுச் சண்டை போடுறேனே தவிர, தள்ளுற வாயில திணிக்கச் சொல்லல.

ராத்திரி டூட்டி:

தொடங்கினப்புறம் பாலை என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்கப்பா. என் மூத்தவன் எட்டு மாசத்துலயும் லிட்டர் கணக்குல பால் குடிச்சான், கரண்டியைக் கண்டா மூஞ்சியைத் திருப்பிக்குவான். வயிறு நிறைஞ்சவன் ஏன் சாப்பிடுவான்? சின்னவளுக்கு அதனால சாப்பாடு முதல்ல, பால் அப்புறம்னு வெச்சேன்.

கணக்குப்பிள்ளை:

முதல் நாளிலேயே அப்படிச் செய்தால் பசியில் கத்துகிற குழந்தைக்குக் கரண்டியைக் கற்றுக்கொடுக்க வேண்டிவரும். ஆரம்பத்தில் பாதி பாட்டில், பிறகு இரண்டு கரண்டி, பிறகு மீதிப் பால். ஆறு மாதத்தில் இன்னமும் பால்தான் சாப்பாடு, கரண்டி பயிற்சி. ஆறிலிருந்து எட்டு மாதத்துக்குள் உணவிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வந்தால் போதும். தாய்ப்பால் குழந்தைகளுக்கான கணக்கு அது, ஆனால் பாட்டில் குழந்தைக்கும் ஓர் அளவாக வைத்துக்கொள்ளலாம். இப்போது 900 மில்லி குடிக்கிறாள். 200 கலோரி என்பது 300 மில்லி பால். ஆக, உணவு ஏற ஏறப் பால் 600க்கு இறங்கினால் சரியாக வருகிறது. இங்கிலாந்து சுகாதாரத் துறையும் ஏழிலிருந்து ஒன்பது மாதத்துக்கு நாளைக்குச் சுமார் 600 மில்லி, பத்திலிருந்து பன்னிரண்டுக்குச் சுமார் 400 என்கிறது.

இதில்தான் தண்ணிக்கஞ்சி கெடுக்கிறது. பாலைக் குறைத்து அந்த இடத்தில் தண்ணிக்கஞ்சியை ஊற்றினால் வயிறு நிறையும், சத்து பாதியாகும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக்கூடாது, மெதுவாக வழிய வேண்டும். கஞ்சியில் மசித்த பருப்போ முட்டையோ ஒரு சொட்டு எண்ணெயோ சேரட்டும். பால் குறையும்போது அதில் வந்த இரும்பும் குறைகிறது என்பதை மறக்க வேண்டாம்.

எதிர்வெயில்:

இதுல எனக்குச் சண்டை இல்ல. முட்டையும் வேர்க்கடலையும் தள்ளிப்போடாதீங்கன்னு ஒரு வரி சேத்துக்கிறேன். கடுமையான தோல் கரப்பான் இல்லேன்னா முட்டை அலர்ஜி இருந்த 640 குழந்தைகளை வெச்சு நடந்த ஆய்வு 2015ல வந்துச்சு. சின்ன வயசுலேர்ந்தே வேர்க்கடலை சாப்பிட்டவங்களுக்கு அஞ்சு வயசுல வேர்க்கடலை அலர்ஜி 81 சதவீதம் குறைவு. கடலையா கையில குடுத்துடாதீங்க, மூச்சு அடைக்கும். விழுதாக்கிக் கஞ்சியில கரைக்கணும். கரப்பான் இருக்கிற குழந்தைன்னா டாக்டரைக் கேட்டுட்டு. முட்டை நல்லா வெந்திருக்கணும். தேன் மட்டும் ஒரு வயசு வரைக்கும் நாக்குல தடவக்கூட வேண்டாம், அதுல இருக்கிற கிருமி குழந்தையோட குடல்ல முளைச்சு உடம்பைச் செயலிழக்கப் பண்ணும்.

பழைய கரண்டி:

நான் சொன்னா பழசு, நீங்க சொன்னா ஆய்வு. சரி, இதையாவது கேளுங்க. எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு வழவழன்னு அரைச்சு ஒரு வயசு வரைக்கும் குடுக்கிறாளுங்களே, என் மருமகளும் அப்படித்தான் பண்ணினா. பேரன் ரெண்டு வயசுல ஒரு பருக்கை நாக்குல பட்டா ஓங்கரிக்கிறான். நான் கையாலதான் மசிப்பேன். அங்கங்க ஒரு கட்டி இருக்கும். பல்லில்லாத ஈறு அதை நசுக்கப் பழகிடும்.

கணக்குப்பிள்ளை:

அம்மா, இதில் நீங்கள் சொல்வது அப்படியே சரி. கட்டியுள்ள உணவை ஒன்பது, பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்ட குழந்தைகளுக்குப் பிறகு சாப்பாட்டில் தகராறு கூடுவதாக இங்கிலாந்தில் நடந்த நீண்ட கால ஆய்வும் காட்டியிருக்கிறது. ஓங்கரிப்பதற்கும் அடைப்பதற்கும் வித்தியாசம் தெரிந்திருந்தால் பயம் போகும். ஓங்கரித்தால் சத்தம் வரும், குழந்தை தானே வெளியே தள்ளும். அடைத்தால் சத்தமே வராது. ராத்திரி டூட்டி சொன்ன அந்த ஒரு நிமிஷம்.

பழைய கரண்டி:

அப்படியே சரின்னு எழுதியிருக்கியே, அதை என் மருமகளுக்குக் காட்டணும்.

தூங்காத அம்மா:

பதினெட்டு நாள் கழிச்சு வர்றேன். யாருமே ஜெயிக்கல. ஆறு மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது தொடங்கினேன், ஏன்னா அன்னிக்குத்தான் நாக்கு தள்ளல. பாதி பாட்டில் குடுத்துட்டு, கஞ்சியில அவ குடிக்கிற பாலையே கொஞ்சம் கலந்து ஒரு கரண்டி. வாய்க்குள்ள வெச்சுக்கிட்டு முழுங்காம என்னையே பாத்தா. அப்புறம் முகம் முழுக்கச் சுருங்கி, ஒரு நடுக்கம் நடுங்கி, வாயைத் திறந்தா. சரி துப்பிடுவான்னு துணியை நீட்டினேன். அடுத்த கரண்டிக்காம்.

இன்னிக்கு நாலு கரண்டி. கேரட் மசியலை மூணு நாளா துப்புறா, விடாம வெச்சுக்கிட்டு இருக்கேன். மலம் கொஞ்சம் கெட்டியா போச்சு, சாப்பாட்டோட ரெண்டு மடக்கு தண்ணி கப்புல குடுத்ததும் சரியாச்சு. மாமியார் பாட்டில் பேச்சை விட்டுட்டாங்க, இப்ப உப்பு ஏன் போடலைன்னு தினமும் கேக்கிறாங்க.

பழைய கரண்டி:

ஒரு கல்லு உப்பு போட்டா என்ன ஆயிடும்? அதை விடு. ராத்திரி தூங்குறாளா?

தூங்காத அம்மா:

அதே ரெண்டு தடவைதான்மா.