விழுங்கும் ஆன்டிபயாட்டிக் கண்ணுக்குள் எவ்வளவு சென்று சேரும்?

கேள்வி:
என் தந்தைக்குக் கண்புரை அறுவை முடிந்த 5ஆம் நாள் வலியும் பார்வை மங்கலும் கண்டன. கண்ணுக்குள் தொற்று என்று கூறி, அன்றே விழிக்குள் வேன்கோமைசின், செஃப்டாசிடைம் என்னும் ஆன்டிபயாட்டிக் ஊசிகளைச் செலுத்தினார்கள். கூடவே மாக்ஸிஃப்ளாக்சசின் 400 மி.கி. மாத்திரையும் தந்திருக்கிறார்கள். மாத்திரை உள்ளே போய்ச் சேருமென்றால் ஊசி எதற்கு? சேராதென்றால் மாத்திரை எதற்கு?

பதில் 1:
விழித்திரையின் நுண்குழாய்ச் சுவர்களிலும் அதன் பின்னுள்ள நிறமிப் படலத்திலும் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதால், இரத்தத்தில் ஓடும் மருந்துகளுள் பெரும்பாலானவை விழிக்குள் நிறைந்துள்ள விட்ரியஸ் என்னும் கூழுக்குள் நுழைய முடிவதில்லை. செல்களின் சவ்வு கொழுப்பாலானது என்பதால் கொழுப்பில் கரையும் மருந்துகளே அவற்றை எளிதில் ஊடுருவும்; பென்சிலின் வகை மருந்துகளோ கொழுப்பில் எளிதில் கரைவதில்லை. போதாக்குறைக்கு, தப்பி நுழைந்த சிறிதளவையும் விழித்திரை வெளியே இறைத்துவிடுகிறது. மாக்ஸிஃப்ளாக்சசின் இதற்கு விலக்கு. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், 12 மணி நேர இடைவெளியில் இரண்டு 400 மி.கி. மாத்திரைகள் உட்கொண்டவர்களின் விட்ரியஸில், அதுவும் அழற்சியில்லாத கண்களில், மில்லிலிட்டருக்குச் சராசரியாக 1.34 மைக்ரோகிராம் காணப்பட்டது. இது இரத்தத்தில் இருந்த அளவில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே மேல். லினிசோலிட் என்னும் இன்னோர் ஆன்டிபயாட்டிக்கும் இவ்வாறே உட்புகும். அழற்சி இருந்தால் இந்தச் செல்களின் தடுப்பு தளர்ந்து, இன்னும் கூடுதலாக நுழையும்.

பதில் 2:
மேற்கண்ட எண்ணை ஊசியோடு ஒப்பிட்டால் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஏறத்தாழ 4 மி.லி. கொள்ளும் விட்ரியஸில் 1 மி.கி. வேன்கோமைசினைச் செலுத்தினால், மில்லிலிட்டருக்குச் சுமார் 250 மைக்ரோகிராம் உடனே கிடைக்கிறது. எனவே ஊசிதான் சிகிச்சை. மாத்திரை வெறும் துணை. அமெரிக்காவில் 420 நோயாளிகளிடம் நடத்தி 1995இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தக் குழாய் வழியே அமிக்காசின், செஃப்டாசிடைம் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகளைத் தந்ததால் பார்வையில் கூடுதல் பயன் எதுவும் கிட்டவில்லை. ஆனால் அமிக்காசின் கண்ணுக்குள் மிகக் குறைவாகவே நுழையும் மருந்து. ஆகவே அந்த முடிவை மாக்ஸிஃப்ளாக்சசினுக்கு அப்படியே பொருத்துவது சரியன்று என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்:
நன்றி. என் சித்தப்பாவுக்குக் கண் வீங்கியபோது அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்னும் பென்சிலின் வகை மாத்திரையிலேயே குணமானதே?

பதில் 1:
அது இமையில் ஏற்பட்ட தொற்றாக இருந்திருக்கும். இமை அந்தத் தடுப்புக்கு வெளியே இருப்பதால், தோலைச் சென்றடையும் எந்த மருந்தும் அங்கும் சென்றடையும். தந்தை அமிலநீக்கியோ இரும்புச்சத்து மாத்திரையோ உட்கொள்கிறாரா என்று பாருங்கள். அவை குடலிலேயே மாக்ஸிஃப்ளாக்சசினைப் பிணைத்துவிடும் என்பதால், அவற்றுக்கு 4 மணி நேரம் முன்போ 8 மணி நேரம் பின்போதான் இம்மாத்திரையைக் கொடுக்க வேண்டும்.