ஆஸ்பத்திரிகள் இணைந்தால் பில் ஏன் ஏறுகிறது?

கேள்வி:
அமெரிக்காவில் இருக்கிறேன். எங்கள் பகுதியில் போட்டி போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஆஸ்பத்திரிகள் போன வருடம் ஒன்றாகிவிட்டன. அதே டாக்டர், அதே அறை, வாசலில் போர்டு மட்டும் புதுசு, ஆனால் ஸ்கேன் பில் எகிறிவிட்டது. தடுக்கச் சட்டமே இல்லையா?

பதில் 1:
இருக்கிறது. 1914-ல் வந்த கிளேட்டன் சட்டத்தின் 7-வது பிரிவு, போட்டியைக் கணிசமாகக் குறைக்கக்கூடிய இணைப்புகளுக்குத் தடை போடுகிறது. 2016-ல் பென்சில்வேனியாவில் ஹெர்ஷி மருத்துவ மையமும் பினக்கிள் ஹெல்த்தும் சேரப் பார்த்தபோது மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது, அப்புறம் அவர்களே கைவிட்டார்கள். சின்ன இணைப்பு என்றால் அரசுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டிய தொகை வரம்புக்குக் கீழே சத்தமில்லாமல் முடிந்துவிடும்.

பதில் 2:
கோர்ட்டில் சண்டையே 'சந்தை' எதுவரை, அதாவது எந்தெந்த ஊர் ஆஸ்பத்திரிகளைப் போட்டியாகக் கணக்கில் எடுப்பது என்பதில்தான். நோயாளி பக்கத்து ஊருக்கும் போவாரே என்று ஆஸ்பத்திரி வக்கீல் வாதாடுவார். சரி, போவார், ஆனால் விலை பேசுவது அவர் இல்லையே, இன்சூரன்ஸ் கம்பெனி. பாலிசி செல்லுபடியாகும் ஆஸ்பத்திரிகளின் பட்டியலில் இந்த ஆஸ்பத்திரி இல்லாமல் அந்த ஊரில் பாலிசி விற்க முடியாது என்றால், ஆஸ்பத்திரி சொன்னதுதான் விலை.

கேட்டவர்:
அப்போ இன்சூரன்ஸ் கம்பெனிகளும் சேர்ந்து பேரம் பேசலாமே?

பதில் 2:
பார்த்தார்களே! ஆன்தம்-சிக்னா, ஏட்னா-ஹுமானா இரண்டு இணைப்பையும் 2017-ல் கோர்ட் தடுத்தது.

பதில் 1:
நடந்து முடிந்த இணைப்பையும் கேள்வி கேட்கலாம். பழைய பில், புது பில் இரண்டையும் இணைத்து மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்துக்கு எழுதுங்கள்.