கோல்ட் ரூம் சூட்டை மண்ணுக்குள்ள இறக்கலாமா?

ஏசி வேலை தெரிஞ்ச அண்ணன்மாரே, ஈரோடு பக்கம் தோட்டத்துல காய் பழம் கெடாம வைக்க 2 டன் கூலிங் திறன்ல கோல்ட் ரூம் போடறேன், கம்ப்ரஸர் கரண்டும் சேத்து 10 கிலோவாட் கிட்ட சூடு வெளிய போகணும். வெயில்காலத்துல 40 டிகிரி காத்துல ஃபேன் வெச்சு தள்றதுக்குப் பதிலா, தண்ணி கண்டென்ஸர் (கேஸோட சூட்ட தண்ணிக்கு மாத்தறது) போட்டு ஹெச்டிபிஇ பைப்ப மண்ணுல புதைச்சு சுத்த விட்டா என்னங்க, மூணு மீட்டர் கீழ 28 டிகிரி சுமாருக்குத்தானே இருக்கும். ஆனா குளிர் நாட்டுல கோடையில மண்ணுல விட்ட சூட்ட பனிக்காலத்துல வீட்ட சூடாக்க திருப்பி எடுத்துக்கறாங்க, நமக்கு வருசம் பூரா உள்ள தள்றது மட்டுந்தான், மண்ணு சூடேறிட்டே போயிடாதா? காஞ்ச செம்மண்ணு சூட்ட சரியா கடத்தாது, அதனால சொட்டுநீர் ஓடற வாழைக்கு அடியில புதைக்கலாம்னு இருக்கேன், வேரு வெந்துருமோ என்னமோ. எத்தனை அடி பைப்பு, எவ்ளோ இடைவெளி, செஞ்சவங்க சொல்லுங்க. கெணத்துல இறக்குன்னு மட்டும் சொல்லாதீங்க, மாசி தாண்டுனா அதுல தண்ணியே இருக்காது.