டார்வினில் முதல் கிறிஸ்துமஸ்: வழிகாட்டுங்கள்

அன்பர்களுக்கு வணக்கம். குன்னூர்க் குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு நள்ளிரவுத் திருப்பலிக்குச் சென்று பழகிய எங்கள் குடும்பத்துக்கு, ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள டார்வினில் இதுவே முதல் கிறிஸ்துமஸ். இங்கே டிசம்பர் மழைக்காலம். பகலில் 33 டிகிரி வெப்பமும், மாலையில் இடியுடன் கூடிய மழையும், எந்நேரமும் உடலில் ஒட்டும் ஈரப்பதமும் இருக்கின்றன.

நேற்று எண்ணெயிலிருந்து எடுத்தபோது கலகலவென்றிருந்த அச்சு முறுக்கு, தகர டப்பாவில் காகிதம் விரித்து அடைத்தும், இரவுக்குள் நமத்து விரலில் வளைந்தது. அம்மா கொடுத்தனுப்பிய அச்சில் சுட்டது என்பதால் மனம் மிகவும் வருந்துகிறது. மாவின் பக்குவத்தை மாற்ற வேண்டுமா, அல்லது குளிரூட்டிய அறையில் ஆறவைத்து அடைக்க வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள். வாசலில் தொங்கவிட்ட காகித நட்சத்திரமும் சாரலில் நைந்துவிட்டது. மழை தாங்கும் நட்சத்திரம் இங்கே எங்கு கிடைக்கும் என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.