மறு: பிரீஃபேப் மூங்கில் பேனல் – தமிழில்?

வணக்கம். பாகிஸ்தான் கட்டடக் கலைஞர் யாஸ்மீன் லாரி வடிவமைத்து, சிந்து மாகாண வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டப்பட்ட எண்கோண மூங்கில் வீடு பற்றிய குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். (2023இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்தின் ராயல் தங்கப் பதக்கம் பெற்றவர்.) எட்டுப் பேனல்களைத் தனித்தனியே கட்டி, நிமிர்த்திப் பிணைத்து, மேலே கூரை ஏற்றுவார்கள். ‘முன்தயாரிப்புப் பலகம்’ சரியா?

> முன்தயாரிப்புப் பலகம்

பலகம் என்றால் பலகைதான் கண்ணில் வருகிறது. இதுவோ முழுமூங்கில் சட்டம், நடுவே பிளாச்சு (பிளந்த மூங்கில் பட்டை), மேலே மண்ணும் சுண்ணாம்பும். கூடை முறம் பின்னும் பெண்களிடம் காட்டுங்கள், ‘தட்டி’ என்பார்கள். தட்டியைத் தரையில் பின்னித்தான் நிமிர்த்துவோம். ஆகவே ‘முன்தயாரிப்பு’ம் வேண்டாம்.

> ‘தட்டி’ என்பார்கள்

ஒப்புகிறேன், பாதிதான். சென்னையில் தட்டி என்றால் பெட்டிக்கடை வெயில் மறைப்பு. இங்கே கூரைப் பாரமே அதன்மேல். வெறும் ‘தட்டி’ என்று எழுதினால் கட்டுபவர் நாலு மூலையில் சணலைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். ‘தாங்குதட்டி’ என்போம், பாரம் ஏற்காதது ‘மறைதட்டி’.

கட்டு கணுவை ஒட்டி விழவேண்டும். இடைக்கணுவில் (இரு கணுக்களுக்கு நடுவே) கட்டினால் வழுக்கும், துளைத்தால் பிளக்கும். பச்சை மூங்கிலில் இறுக்கிய கட்டு, மூங்கில் காய்ந்து சுருங்கியதும் தொளதொளத்துவிடும். மூன்று நான்கு வயது முற்றிய, உலர்ந்த கழி வேண்டும்.

> உலர்ந்த கழி

உலர்ந்தால் மட்டும் போதாது, உளுக்கும். மாவுச்சத்துக்காக வண்டு துளைக்கும். கீழே மாவாய்க் கொட்டும். அதற்கு மருந்து: 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம். உட்கணுத் தடுப்புகளைக் கம்பியால் குத்தித் திறந்து, ஒரு வாரமாவது ஊறவிட வேண்டும். திறக்காவிட்டால் மருந்து உள்ளே ஏறாது. இதை ‘பதப்படுத்தல்’ என்பதைவிட ‘மருந்தேற்றல்’ தெளிவு.

இந்த மருந்து மழையில் கரைந்து போகும். ஐப்பசி கார்த்திகைச் சாரல் நேராய் அடிக்கும் ஊரில் இறவாரத்தை நீட்டாமல், அடியை மேடேற்றாமல் தாங்குதட்டி நிறுத்தினால் மருந்தேற்றியதே வீண்.

இன்னொன்று: பிளாச்சின் தோல் பக்கம் வழவழப்பு, பூச்சு பிடிக்காமல் பாளம் பாளமாய் விழும். வயிற்றுப் பக்கத்தை, அதாவது உட்புறத்தை, பூச்சுக்குக் காட்டவேண்டும். தோல், வயிறு இரண்டும் பின்னுபவர்கள் சொல்லக்கூடியவை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தாங்குதட்டி, மறைதட்டி, மருந்தேற்றல் மூன்றையும் சேர்த்துவிட்டேன். இரண்டு தட்டிகள் சேரும் இடத்துக்கு ‘மூட்டு’ போதும்தானே?

போதும். ‘இணைப்பு’ வேண்டாம், மின்சாரம் ஞாபகம் வரும்.